ஏரிக்கரைக் குழியில் ஐந்து பேர்

எனக்கு வயது எழுபது. மூன்று பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது ஒன்று. நாத்தனார் விட்டுப்போனது இரண்டு. யார் வாசலிலும் போய் நின்றதில்லை. எழுத்து, அறுபதுக்கு மேல் முதியோர் வகுப்பில் கற்றது. மெதுவாகத்தான் வரும். வரட்டும்.

அன்று எனக்குப் பதினெட்டு. ஓடுகிறேன். வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. தலைக்கு மேல் விமானம். பனைமர உயரம்தான். இறக்கையில் நெருப்பு. வண்டிச் சக்கரம் கல்லில் அரைபடுகிற மாதிரி சத்தம். திடீரென்று அந்தச் சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் பயம் வந்தது.

"கீய படு! கீய படு பொண்ணே!" மாமனார் கத்துகிறார்.

படுத்தேன். மண் வாய்க்குள் போனது.

அது வெள்ளைக்காரன் சண்டை நடந்த காலம். ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. எங்கள் ஏரி பருத்திப்பட்டுக்கு அந்தப் பக்கம். விமானம் போவதும் வருவதும் எங்களுக்குக் காக்கை பறக்கிற மாதிரி ஆகிவிட்டிருந்தது. மாசி மாதம். அறுப்பு முடிந்து நெல் களத்தில் கிடந்தது. ஏரியில் பாதித் தண்ணீர். விமானம் கரையோரச் சேற்றில் விழுந்தது. இடிச் சத்தம் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அடித்த சத்தம்.

உள்ளே ஆட்கள் கத்துகிறார்கள். பாஷை புரியவில்லை.

என் புருஷன் நெல் கட்டைப் போட்டுவிட்டு ஓடினார்.

"போவாதடா! வெடிக்கும்டா! வந்துடு!" என்று கத்தினார் மாமனார்.

போனார். ஒருவனை இழுத்துவந்து கரையில் போட்டார். திரும்பிப் போனார். வெடித்தது. கரையில் கிடந்தவனும் பிழைக்கவில்லை. அவன்மேலும் நெருப்பு வந்து விழுந்தது.

ஊர்ப் பெரியவர்கள் நடுங்கினார்கள். நாம்தான் கொளுத்தினோம் என்று வெள்ளைக்காரன் சொல்வான். ஊரையே சுடுவான். மறைத்துவிடுவது என்று முடிவானது. எல்லாம் கரி. எந்தக் கை யாருடையது என்று தெரியவில்லை. என் புருஷன் இடுப்பு மட்டும் தெரிந்தது. வெள்ளி அரைஞாண் இருந்தது. மாமனார் அதை அறுத்து என் கையில் கொடுத்தார். எங்களில் அதுதான் முறை. செத்த ஆணோடு இடுப்புக் கயிறுகூடப் போகக்கூடாது. அதற்குள் தூரத்தில் லாரிச் சத்தம். தனிக் குழி வெட்ட நேரமில்லை. கரைமேல் இருந்த வேப்பமரத்தடியில் ஒரே குழி. ஐந்து பேர்.

பட்டாளத்துக்காரர்கள் வந்து ஆட்கள் எங்கே என்று கேட்டார்கள்.

"தண்ணில பூட்டாங்க சாமி" என்றார் மாமனார்.

தண்ணீரில் தேடினார்கள். சேற்றைக் கிளறினார்கள். பெரிய இரும்பை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சத் தகட்டை ஊர் எடுத்துக்கொண்டது. எத்தனையோ வீட்டு வாளிக்கு அந்த விமானம்தான் ஒட்டு.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஏரி வெடித்துக் காய்ந்தது. ஒரு ஜீப் வந்தது. மிலிட்டரி அதிகாரி ஒருவர். மண்ணுக்குள் இரும்பு இருந்தால் கத்துகிற கருவி ஒன்று. ஒரு வெள்ளைக்காரி. விமானம் ஓட்டியவனின் பெண்டாட்டி அவள். அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் பேசுவதற்குப் பட்டாபிராம் காலனி மேரி டீச்சர்.

அவர்களுடைய பழைய வரைபடத்தில் ஒரே ஏரி. இங்கே நெமிலிச்சேரியிலிருந்து பார்த்தால் ஊருக்கு ஒரு ஏரி. பாதி ஏரி மனையாகிவிட்டது. கருவி கத்தும். தோண்டுவார்கள். மாட்டு லாடம் வரும். மறுபடி கத்தும். போர்வெல் குழாய் வரும். இளவட்டங்கள் ஆளுக்கு ஒரு திசையில் கையைக் காட்டினார்கள்.

"சார், எங்க ஊட்டாண்டதான் உயுந்துச்சு!"

"போடா டேய், அது உங்க நைனா உட்ட காத்தாடிடா!"

இடம் தெரிந்தவர்களில் உயிரோடிருந்தது நான் ஒருத்திதான். வாயைத் திறக்கவில்லை. கரையில் உட்கார்ந்து அவளைப் பார்த்தேன்.

கழுத்துச் சங்கிலியில் புருஷன் போட்டோ தொங்கியது. சிரிக்கிறான். என்னிடம் போட்டோ கிடையாது. முகமே பாதி மறந்துவிட்டது. அவள் ரோஜா நிறத்தில் கவுன் போட்டிருந்தாள். உதட்டில் சாயம்.

"அப்புறம் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களாம். மூணு பசங்களாம்" என்றாள் டீச்சர்.

எனக்குப் பதினெட்டு வயதில் நெற்றி காலி. அவள் இன்னொருத்தனோடு வாழ்ந்து முடித்துவிட்டு இவனையும் தேடி வருகிறாள். அவளுக்கு ஜீப் வருகிறது. கருவி வருகிறது. என் புருஷனைத் தேடி ஒரு சைக்கிள் வந்ததில்லை. அவள் புருஷனைக் காப்பாற்றப் போய்ச் செத்தவர்.

ஒரு வாரம் போனது. ஒன்றும் கிடைக்கவில்லை. ஜீப்பில் சாமான் ஏற்றத் தொடங்கினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் போனால் என் புருஷனுக்காக இனி யாரும் ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்க மாட்டார்கள்.

"டீச்சர், அந்தம்மாகிட்ட சொல்லு. எடம் நான் காட்றேன். அதுல என் ஆளும் கீறாரு. அவரை என்கிட்ட குடுத்துடணும்."

நடந்ததையெல்லாம் சொன்னேன். வெள்ளைக்காரி தலையாட்டினாள். அதிகாரியும் தலையாட்டினார்.

வேப்பமரம் எப்போதோ போய்விட்டது. அடிக்கட்டை எனக்குத் தெரியும். தோண்டினார்கள். எலும்பு வந்தது. பூட்ஸ் அடித்தோல் வந்தது. ஒரு மோதிரம் வந்தது. உள்பக்கம் எழுத்து. வெள்ளைக்காரி அதை வாயில் வைத்து முத்தமிட்டாள். பெரிய எலும்பு, சின்ன எலும்பு எல்லாம் விறகு அடுக்கினது போல ஒன்றுமேல் ஒன்று.

"இதுல உங்க வீட்டுக்காரர் எதும்மா? ஏதாவது அடையாளம் இருக்கா?" என்றார் அதிகாரி.

அடையாளம் என் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. அவர் இடுப்பிலேயே விட்டிருந்தால் அந்த வெள்ளி அவரைக் காட்டிக்கொடுத்திருக்கும். முறை என்று அறுத்தோம்.

"பிரிக்க முடியாதும்மா. எடுத்துக் குடுத்தா அவங்க ஆளும் சேர்ந்து வந்துடும்."

"அப்போ என் ஆளு அவங்களோட போலாமா? அது மட்டும் ஞாயமா நைனா?"

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பட்டணத்தில் மிலிட்டரிக் கல்லறை. டீச்சர் பஸ்ஸில் கூட்டிப்போனாள். நாலு பெட்டி. நாலு பெட்டிமேலும் கொடி. குழல் ஊதினார்கள். வெள்ளைக்காரி மண்ணில் முட்டி போட்டு அழுதாள். எந்தப் பெட்டியில் என் புருஷனின் கை, எதில் கால், யாருக்குத் தெரியும்? அவள் அழுதது அவருக்கும் சேர்த்துத்தான். நான் அழவில்லை. அவள் என்னைவிட நன்றாக அழுதாள். அதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன்.

கல்லில் நாலு பேர்.

"உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்கம்மா. கல்லுல போடச் சொல்லிக் கேட்டுப் பாக்குறேன்" என்றாள் டீச்சர்.

எங்களில் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டோம். சொன்னால் அவர் ஆயுசு குறையுமாம். செத்தவருக்கு ஆயுசு ஏது? தெரியும். அப்படியும் வாய் திறக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அன்று ஏரிக்கரையில் போனது இவ்வளவு. களத்து நெல் முழுதும் எரிந்தது. கட்டியிருந்த உழவு மாடு இரண்டு. வெள்ளைக்கார ஆண்கள் நாலு பேர். அவர்கள் பெயர் கல்லில் இருக்கிறது. ஐந்தாவது ஆள், எங்கள் ஊர் சின்னசாமி மகன் ஏகாம்பரம்.

எழுதிவிட்டேன். பேத்தியைக் கூப்பிடுகிறேன்.

செல்வி, இங்க வா கண்ணு. மொதல்லேர்ந்து படி. கடேசி பேரை மட்டும் சத்தமா படி.