பூச்சு ஒட்டியிருக்கும் வரை

குளிர்காலத்தில்கூடக் கையுறை போடாத ஆள் நான். உக்ரைனின் லிவீவ் நகரத்துக் குளிர் பழகிவிட்டது. வெப்பம் எந்தப் பக்கம் போகும், எங்கே தேங்கும் என்று கணக்குப் போடுவதுதான் இத்தனை வருடமாக என் வேலை.

கேட்டதால் சொல்கிறேன், அதிகாரி அவர்களே. எஃகின் மேல் மெல்லிய பீங்கான் பூச்சு இருந்தால், அதன் தடிமனை நான் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்வேன். அது தடுக்கும் வெப்பத்தை மட்டும் எஃகின் மேற்பரப்புக்கு எழுதும் சமன்பாட்டில், அதாவது நிபந்தனையில், சேர்த்துவிடுவேன். பக்கம் பக்கமாகப் போகும் கணக்கு ஒரே வரியில் அடங்கிவிடும். அந்த வரியை எல்லாரும் ஹலுஷ்கோ நிபந்தனை என்பார்கள். ஹலுஷ்கோ நான்தான்.

ஸெனோவியா என்னிடம் ஆராய்ச்சி செய்தவள். அப்படிப் பூச்சுப் பூசிய அழுத்தக் கலனைச் சோதிக்கவிருந்த நாளன்று காலையில் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், கலனுக்குள்ள வெல்டிங் ஓரத்துல பூச்சு எழும்பி நிக்குது. உங்க கணக்குல அது எப்பவும் ஒட்டியே இருக்கு. உதிர்ந்துட்டா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, பூச்சே இல்லாததாக வைத்துக் கணக்குப் போட்டேன். வெல்டிங் தாங்காது என்று வந்தது. திரும்பப் போட்டேன். அதே விடை.

சோதனையை நிறுத்த ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஆனால் சோதனையைப் பார்க்க வந்த மாஸ்கோக்காரர்கள் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். காரணம் கேட்பார்கள். என் வரியில் ஓட்டை இருக்கிறது, அதைக் கண்டது என் மாணவி என்று நானே சொல்ல வேண்டியிருக்கும்.

கீழே சோதனைக் கூடத்துக்குப் போய், விருந்தாளிகளைத் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வைத்தேன். பிறகு அவளிடம் சொன்னேன்.

"கணக்குப் பாத்துட்டேன்மா, பயப்பட ஒண்ணுமில்ல. சந்தேகம்னா அந்த ஓரத்துப் பக்கத்துலயே நின்னு பாத்துக்கோ."

சிரித்தாள். "என் முடி பொசுங்குச்சுன்னா தொப்பி நீங்கதான் வாங்கித் தரணும்."

சரி என்றேன்.

அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. அவள் குனிந்து அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தலையசைத்தேன். கலன் நான் எதிர்பார்த்ததற்குச் சற்று முன்பே பிளந்தது. விருந்தாளிகள் யாருக்கும் கீறல்கூட இல்லை.

தெரிந்தே அவளை அங்கே நிற்க வைத்தேனா என்று கேட்கிறீர்கள். ஆமாம், தெரிந்தேதான். எழுதிக்கொள்ளுங்கள்.

நிபந்தனையைத் திருத்திவிட்டேன். பூச்சு உதிர்ந்த இடத்துக்கும் இப்போது பொருந்தும். புதிய கட்டுரையில் அவள் பெயரை என் பெயருக்கு முன்னால் போட்டிருக்கிறேன். பார்த்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பாள்.