பதிவேட்டில் பிறந்தவன்

கிட்டே வந்து உட்காருங்கள். கரண்ட் வர நேரமாகும். பட்டப்பகலில் பேயா என்று மட்டும் யாரும் சிரிக்கக் கூடாது. நம் பஞ்சநதத்தின் மாமனார் இராஜாங்கத்துக்கு நடந்தது இது.

தொண்ணூற்றாறாம் வருஷம். பிற்பகல் இரண்டரை மணி. பூம்புகாருக்குத் தெற்கே சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒற்றைச் சாலை... எதிரே ஒரு சைக்கிள்கூட வரவில்லை. சாலை முடிகிற இடத்தில் ஒரு ரிசார்ட். வலங்கைமானிலிருந்து கிளம்பிய டூர் பஸ் அங்கே போய் நின்றது. இறங்கியவர்கள் இருபத்து மூன்று பேர். எல்லாருமே பழைய கர்ணங்கள், ஊர் நிலக்கணக்கு எழுதினவர்கள். நீலக் குளம், கடலைப் பார்த்து வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துண்டு, குழல் போட்ட இளநீர். இராஜாங்கம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மகாராஜா மாதிரி சாய்ந்தார்.

பக்கத்து நாற்காலி காலி. அதன்மேல் ஒரு அட்டை. 'வைரக்கண்ணு' என்று எழுதியிருந்தது.

இராஜாங்கம் இளநீரைக் கீழே வைத்தார். டூர் நடத்துகிற யூனுஸைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது யாரு?"

"உங்க ரூம்லதானே சார் தங்குறாரு? லிஸ்ட்ல இருக்கே."

அப்படி ஒரு மனுஷன் உலகத்திலேயே கிடையாது. அது அவருக்குத்தான் தெரியும். அவர் கர்ணமாக இருந்த காலம்; குத்தகைக்காரர் பேரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்த புதிது. மிராசுதாரின் மூன்று மா நிலத்தைப் புருஷனை இழந்த காளியம்மாள் பயிர் செய்துகொண்டிருந்தாள். அவள் பேர் ஏறிவிட்டால் அப்புறம் அவளை அசைக்க முடியாது. மிராசுதார் கண்ணைக் காட்டினார். இராஜாங்கம் பதிவேட்டில் அவள் பேருக்குப் பதிலாக வாய்க்கு வந்த ஒரு பேரை எழுதினார். வைரக்கண்ணு, வயது முப்பது. விசாரணையில் அதிகாரி, "உன் பேரே இதுல இல்லையேம்மா" என்று அவளை அனுப்பிவிட்டார். மூன்று நாள் அவள் இராஜாங்கத்தின் வாசலில் வந்து நின்றாள். அவர் கொல்லைப்பக்கமாகப் போய் வந்தார். இப்போதும் அதே வயலில் அவள் கூலிக்கு நாற்று நடுகிறாள். அந்த வழியாகப் போனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெட்கம். இருபத்தைந்து வருஷத்து வெட்கம்.

சளக்... சளக்... சளக்...

காய்ந்த மணலில், சேற்றில் நடக்கிற சத்தம். உப்புக் காற்றுக்குள் உழுத வயலின் வாடை. பக்கத்து நாற்காலி கிறீச்சென்றது. முப்பது வயது ஆள். முழங்கால்வரை கறுப்புச் சேறு. முகம்... கண்ணை எடுத்ததுமே மறந்துபோகிற முகம்.

"அய்யா, எனக்கு அப்பன் பேரு எழுதாம உட்டுட்டீங்களே."

இராஜாங்கம் மடித்துக்கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணு, பொய்யின்னு எழுதிக் குடுத்து என் பேரை அடிச்சிடுங்க. அந்தம்மா பொழப்பு அந்தம்மாவுக்குப் போவட்டும். இல்லாட்டி எனக்கு ஒரு அப்பனைக் குடுங்க."

எழுதிக் கொடுத்தால் மானம் போகும். கோர்ட்டு, கேஸு, ஊர்ப்பேச்சு... சுற்றிலும் கூட வேலை பார்த்தவர்கள் இருபத்திரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இராஜாங்கம் குனிந்துகொண்டு சொன்னார்:

"என் பேரையே போட்டுக்க."

"சரிங்கப்பா."

நிமிர்ந்தபோது ஆள் இல்லை. வெள்ளைத் துண்டு மட்டும் சேறாகிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்து பஞ்சநதத்திடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். "ஒரு கையெழுத்துத்தானே மாப்ள... பாவி, அந்தப் பொம்பளைக்காகப் போட்டிருக்கலாமே."

"இப்பவாவது போடுங்க மாமா."

"நாளைக்கு" என்றார். அடுத்த நாளும் அதையேதான் சொன்னார்.

ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். ஒரே பெண், ஆண் பிள்ளை கிடையாது. கொள்ளி வைக்க வேண்டியவன் மருமகன். பஞ்சநதம் தலையை மழித்துக்கொண்டு, உறவுக்காரர்களோடு ஆற்றில் இறங்கி முழுக்குப் போட்டு, ஈர வேட்டியோடு கரை ஏறினான். அதற்குள் சிதை எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மயானம் பார்க்கிற வீரையன் மட்டும் நின்றான்.

"யாருய்யா தீ வச்சது?"

"இப்பத்தாங்க... மகன் வந்து வச்சிட்டுப் போறாரு."