மூக்கில் வெடி வாங்கிய காட்டெருமை

ஜவுபர்: வல்லாஹி, தம்பி வல்லிபுரம், நான் சொல்லப்போறதில ஒரு சொல்லுக்கூடப் பொய் இல்ல. பொய் எண்டா இந்த நாக்கு இப்பயே, இந்த இடத்திலயே…

மைமூனா: இஞ்சாருங்க, நாக்க இழுக்காதீங்க. வெள்ளிக்கிழம மகள்ட நிக்காஹ். கட்டிக் குடுக்கிற சொல்ல வாப்பா நீங்கதான் சொல்லோணும்.

ஜவுபர்: அப்ப நாக்க விடுவம். முன்னால இரிக்கிற இந்தப் பல்லு ரெண்டும் கொட்டட்டும்.

மைமூனா: அது ரெண்டும் திங்கக்கிழமயே புடுங்கச் சொல்லி பல் டொக்டர் துண்டு தந்ததுதானே.

வல்லிபுரம்: காக்கா, கதையப் பொறகு கேக்கன். இந்த ஏணிய ஒருக்காப் புடிங்க. சுவரில இரிக்கிற தலையக் கிட்டப் போய்ப் பாக்கோணும்.

ஜவுபர்: பாருங்க. ஆனா கண்ணுக்கு நேர பாக்காதீங்க. அவனுக்கு அது புடிக்கா.

வல்லிபுரம்: கெம்பஸ் மியூசியத்தில முப்பது வருஷம் செத்த மிருகத்துக்குப் பஞ்சடைச்சவன் நான். எல்லாம் என்னைப் பாத்துத்தான் முறைச்சது. உங்கட மருமகன் என்னத் தேடி வந்ததும் அதுக்குத்தான்.

ஜவுபர்: வரப்போற மருமகன். இன்னும் வரல்ல. வரமுந்தியே என்ட சுவரில கைய வெக்கார்.

மைமூனா: உங்கட சுவரா? வீடு இப்ப மகள் றிஸ்லாட. சீதனமா எழுதியாச்சு. பின்னால கட்டின ரெண்டு அறைதான் நமக்கு.

ஜவுபர்: சுவரக் குடுத்தன் புள்ள. சுவரில இரிக்கிறவன நான் குடுக்கல்ல.

வல்லிபுரம்: மருமகன் றிப்தி பிழையாச் சொல்லல்ல காக்கா. களிமண்ணால செஞ்ச தலை எண்டா அது சிலை, தொழுற வீட்டில வெக்க ஏலா எண்டார்.

மைமூனா: சிலை இரிக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க. அது சரிதானே.

வல்லிபுரம்: மெய்யான காட்டெருமை எண்டா அதவிடக் கரைச்சல். அவருக்கு வேலை வனஜீவராசிக் கந்தோரில. காட்டு மிருகத்துட தலைக்குக் கீழ இரிந்து அவர் சோறு தின்ன ஏலுமா?

ஜவுபர்: ஆக, பொய்யெண்டாலும் வெளிய. மெய்யெண்டாலும் வெளிய. நல்ல மருமகன்தான் கிடைச்சிரிக்கார்.

வல்லிபுரம்: மூண்டாவது வழி ஒண்டு இரிக்கு. இது வளத்த எருமை, நாட்டெருமை, தோலும் கொம்பும் அசல் எண்டு நான் எழுதிக் கையெழுத்து வெச்சா சரி. சிலையும் இல்ல, வழக்கும் இல்ல. தலை இஞ்சயே கிடக்கும். றிப்தி அதுக்கு ஓமெண்டுட்டார்.

ஜவுபர்: நாட்டெருமையா… தம்பி, இறங்குங்க. தேத்தண்ணியக் குடிச்சிட்டு வீட்ட போங்க.

மைமூனா: அவர் பாக்கட்டுமே.

ஜவுபர்: நாட்டெருமையாம்! இவன் ஆர் எண்டு தெரியுமா? சாகாமத்துப் பக்கம் மாமாட, மைமூனாட வாப்பாட, வயல் வட்டைக்குள்ள இவன் இறங்கினா, நெல்லு தானா ஒதுங்கி வழி விடும். இவன் ஒருக்கா மூச்சு விட்டா அந்தக் காத்தில சொறிக்கல்முனையில நெல்லுத் தூத்துவாங்க.

வல்லிபுரம்: என்ட ஊரே சொறிக்கல்முனைதான் காக்கா. அப்பிடியொரு காத்து வந்ததா நான் கேள்விப்படல்லயே.

ஜவுபர்: நீங்க கதவப் பூட்டிட்டு இரிந்திருப்பீங்க.

வல்லிபுரம்: சரி… கண்ணப் பாப்பம். இதென்ன, ஒரு கண் பச்சை, மத்தது நீலம்?

ஜவுபர்: காட்டெருமை அப்பிடித்தான். பச்சைக் கண்ணால காட்டப் பாக்கும். நீலக் கண்ணால கடலப் பாக்கும்.

வல்லிபுரம்: இது ரெண்டும் சோடாப் போத்தலுக்குள்ள வாற குண்டு.

ஜவுபர்: சோடாவும் குடிக்கும்.

மைமூனா: அல்லாவே… இந்த மனிசன்!

வல்லிபுரம்: கண்ணும் ஒண்டு மேல, ஒண்டு கீழ. கலியாண வீட்டில மாமியாரத் தேடுற மாதிரி நிக்குது. கழுத்து எங்க காக்கா? காதுக்குப் பின்னால உடனே பலகை வருதே?

ஜவுபர்: நீண்ட கழுத்துத்தான். வெடி பட்ட வேகத்தில உள்ளுக்குப் போயிட்டு.

வல்லிபுரம்: தையலப் பாருங்க. ஒவ்வொரு பொத்தலும் ஒரு விரல் தூரம். இது மெத்தை தைக்கிற ஊசிட வேலை.

ஜவுபர்: தச்சது வெள்ளைக்காரத் துரை. லண்டனில ராசாட சிங்கத்துக்குத் தச்ச கை. எனக்காகக் கப்பல் ஏறி வந்தவர்.

மைமூனா: மெத்தைக்கார சுபியான்.

ஜவுபர்: துரைட பேர் சுபியான்.

வல்லிபுரம்: உள்ளுக்கு இலவம்பஞ்சு…

ஜவுபர்: சொகுசா இரிக்கட்டும் எண்டுதான்.

வல்லிபுரம்: காக்கா, மனசில வெக்காம கேளுங்க. மான், மரை, கரடி, முதலை எண்டு எத்தினையோ பாத்தன். ஆக மோசமான வேலை இதுதான்.

ஜவுபர்: முதலாம் இடம் எண்டு சொல்றீங்க.

வல்லிபுரம்: ஆனா ஒண்டு சொல்லோணும். உப்பும் படிகாரமும் போட்டு தோல நல்லாப் பதம் பண்ணியிரிக்கு. எத்தினை வருஷம்?

மைமூனா: நாப்பத்தெட்டு.

வல்லிபுரம்: நாப்பத்தெட்டு வருஷத்தில பூச்சி அரிக்கல்ல. மயிர் கொட்டல்ல. ஆரோ புள்ளையப் பாக்கிற மாதிரிப் பாத்திரிக்காங்க.

மைமூனா: பெருநாளுக்குப் பெருநாள் நான்தான் துடைப்பன். வேப்பம் புகையும் காட்டுவன்.

ஜவுபர்: எனக்குக்கூட அப்பிடி ஒரு துடைப்பு இல்ல தம்பி.

மைமூனா: நீங்க அசையாம நிண்டாத்தானே.

வல்லிபுரம்: எப்பிடிச் சாய்ச்சீங்க காக்கா? அதயும் சொல்லுங்க. வெடி பட்ட இடத்தத் தேடுறன்.

ஜவுபர்: அப்பிடிக் கேளுங்க! பொழுது படுற மஹ்ரிப் நேரம். நான் மாமாட வயலுக்குக் காவல். மரத்துக்கு மேல பரணில இரிக்கன். கையில மாமாட துவக்கு. இவன் வாறான். நிலம் ஆடுது. ஆத்து மீனெல்லாம் கரையில ஏறி நிண்டு பாக்குது.

மைமூனா: போன கிழம சொன்ன கதையில மீன் இல்ல. நண்டு மட்டுந்தான் பாத்த.

ஜவுபர்: மீன் பின்னால நிண்டது. நான் குறி பாத்தன். நெத்தியில வெச்சா அழகு கெட்டிடும். கொம்பில வெச்சா கொம்பு பாவம். அதால மூக்குக்குள்ளால விட்டன். இந்தப் பக்கத்தால போய் அந்தப் பக்கத்தால வந்திட்டு.

வல்லிபுரம்: ஓம், மூக்கில ஓட்டை ஒண்டு இரிக்கு.

ஜவுபர்: கேட்டியா புள்ள? படிச்ச மனிசன் சொல்றார்!

வல்லிபுரம்: வட்டமா, ஓரம் தேஞ்சு, வழுவழு எண்டு இரிக்கு. காக்கா… இது மூக்கணாங்கயிறு போட்ட ஓட்டை. வருஷக்கணக்காக் கயிறு உரசின தழும்பு.

ஜவுபர்: ஏணி ஆடுது தம்பி, இறங்குங்க.

வல்லிபுரம்: காட்டெருமைக்கு ஆர் காக்கா மூக்குக் குத்தினது?

ஜவுபர்: அதுட உம்மா.

வல்லிபுரம்: என்ன?

ஜவுபர்: பொல்லாத புள்ள தம்பி. அடங்கவே இல்ல. உம்மாக்காரி பாத்தா, கயிறு போட்டுட்டா.

மைமூனா: தேத்தண்ணி ஆறுது தம்பி. இறங்குங்களன்.

வல்லிபுரம்: இந்தா வாறன் ராத்தா. நெத்தியில மட்டும் என்னமோ பூசியிரிக்கு. கறுப்பா, விரலில ஒட்டுது. அந்த ஈரத்துணியத் தாங்க.

மைமூனா: அது… அதில துடைக்கத் தேவையில்ல.

ஜவுபர்: தலைக்கு வெக்கிற எண்ணெய் தம்பி. விடுங்க.

வல்லிபுரம்: சப்பாத்துப் பொலிஷ் மணக்குது. ஒருக்காத் துடைச்சா… ஆ! பாருங்களன். வெள்ளைச் சுட்டி! நடு நெத்தியில, ஒரு ரூபாக் குத்தி அளவு.

ஜவுபர்: நரை.

வல்லிபுரம்: ஒரே இடத்திலயா?

ஜவுபர்: யோசிச்சு யோசிச்சு நரைச்சது. யோசிக்கிற இடம் அதுதானே.

வல்லிபுரம்: காக்கா, சிரிப்பு வருது. ஆனா இப்ப எனக்கு எழுத ஏலும். மூக்குக் குத்தியிரிக்கு, நெத்தியில சுட்டி இரிக்கு, கொம்பும் அவ்வளவு வீச்சு இல்ல. வளத்த எருமை. நல்ல செய்திதானே? தலை இஞ்சயே கிடக்கும். நீங்க ஓமெண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்.

ஜவுபர்: சொல்லமாட்டன்.

வல்லிபுரம்: ஏன்?

ஜவுபர்: எழுத வேணாம். ஆணியக் கழட்டுங்க. தலையக் கீழ இறக்குங்க. பின்னால கொண்டுபோய் உமிச் சாக்குக்குப் பக்கத்தில போடுவம்.

வல்லிபுரம்: இவ்வளவு நேரமும் இதுக்காகத்தானே சண்டை புடிச்சீங்க!

ஜவுபர்: புடிச்சன். இப்ப விட்டுட்டன். வயசு போன மனிசன், மனம் மாறும்.

வல்லிபுரம்: பொய்யன் எண்டு மருமகன் சொல்லுவார் எண்டா? சொல்லமாட்டார் காக்கா. அவருக்கு உங்கள நல்ல விருப்பம். கடிதத்தில கதை ஒண்டும் வராது.

ஜவுபர்: தம்பி, நாட்டெருமை எண்டு எழுதினா, அடுத்த கேள்வி வரும். ஆர்ட எருமை? வேணாம். கழட்டுங்க.

மைமூனா: கழட்டாதீங்க தம்பி.

ஜவுபர்: மைமூனா, நீ உள்ள போ.

மைமூனா: அவன்ட பேர் சுட்டியன்.

ஜவுபர்: புள்ள…

மைமூனா: என்ட வாப்பாட சுட்டியன். களத்தில நெல்லுச் சூடு மிதிக்கக்குள்ள மத்த எருமையெல்லாம் இவனுக்குப் பின்னாலதான் போகும். வாப்பாக்கு நாங்க ஏழு புள்ளயள். இவனோட எட்டு.

வல்லிபுரம்: இது அவன்தான் எண்டு உங்கட வாப்பாக்குத் தெரியுமா?

மைமூனா: காட்டெருமைக் கூட்டம் சுட்டியனக் கூட்டிக்கொண்டு போயிட்டு எண்டுதான் வாப்பா நம்பினார். மவுத்தாகும் வரைக்கும் தேடினார். காட்டோரமெல்லாம் நடந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, களைச்சு வந்து, இந்தத் தலைக்குக் கீழ இரிந்துதான் தேத்தண்ணி குடிப்பார்.

வல்லிபுரம்: ஐயோ…

மைமூனா: சுட்டிக்கு மேல பொலிஷ். அவருக்கு அடையாளம் தெரியல்ல. இவர்ட தோளில தட்டி, "சுட்டியனக் கொண்டுபோன கூட்டத்தில ஒண்டையாவது சாய்ச்சிட்டீர், ஆம்பிள எண்டா நீர்தான்" எண்டு சொல்லி, தலையப் பஞ்சடைக்கச் சொன்னதும் வாப்பாதான். அடுத்த மாசமே என்னையும் கட்டிக் குடுத்தார்.

வல்லிபுரம்: காக்கா… மெய்யா?

ஜவுபர்: மெய்தான் தம்பி. இனி மறைச்சு என்ன? மஹ்ரிப் இருட்டு. காட்டெருமை எண்டு நினைச்சி வெடி வெச்சிட்டன். பிஸ்மி சொல்லி அறுக்கக்குள்ளதான் சுட்டியக் கண்டன். குற்றம் என்ட. மைமூனாக்கு அண்டைக்கு ஒண்டும் தெரியா. எழுதுறதெண்டா அப்பிடி எழுதுங்க. ஜவுபர் எண்டு பேரும் போடுங்க.

வல்லிபுரம்: பரணில இரிந்தா வெச்சீங்க?

ஜவுபர்: பரணில இரிந்துதான்.

வல்லிபுரம்: இல்ல காக்கா… இந்தா, இடது தாடைக்குக் கீழ துவக்குச் சன்னம் போன இடம். ஏழெட்டுப் பொத்தல். எல்லாம் கீழ இரிந்து மேல ஏறியிரிக்கு. வெச்ச ஆள் நிலத்தில நிண்டிரிக்கோணும். உங்கட உயரமும் இல்ல.

ஜவுபர்: விழக்குள்ள வெச்சன்.

வல்லிபுரம்: எங்கிரிந்து?

ஜவுபர்: பரணால விழுந்து, நிலத்துக்கு வந்து, குந்தியிரிந்து வெச்சன். அந்த நேரம் நான் உயரமும் குறைவு. கலியாணத்துக்குப் பொறகுதான் வளந்த.

மைமூனா: காணும்.

ஜவுபர்: புள்ள, நீ சும்மா இரி. நான் கதைக்கிறன்தானே.

மைமூனா: நாப்பத்தெட்டு வருஷம் கதைச்சிட்டீங்க. வட்டை முழுக்க, கடைத்தெரு முழுக்க, பள்ளிவாசல் படியில, ஆசுபத்திரிக் கட்டிலில. மீன் பாத்த, நண்டு பாத்த எண்டு ஆக்கள் சிரிச்சிச் சிரிச்சி, சுட்டியன மறந்தே போயிட்டாங்க. காணும் உங்களுக்கு. சொண்டு காஞ்சி கிடக்கு. இந்தாங்க, தேத்தண்ணியக் குடிங்க.

ஜவுபர்: சீனி போட்டியா?

மைமூனா: போட்டன். தம்பி, வளத்த எருமை எண்டு எழுதுங்க. சொந்தக்காரர் பேர் கேட்டா என்ட வாப்பாட பேரப் போடுங்க. தலை அந்த ஆணியிலயே இரிக்கட்டும். ரெண்டாந்தரமும் அவன இந்த வீட்டால அனுப்ப எனக்கு ஏலா.

வல்லிபுரம்: ரெண்டாந்தரமா? அப்ப முதல் தரம் ஆர் அனுப்பினது ராத்தா?

மைமூனா: நான்தான் தம்பி. இவருக்குத் துவக்குப் புடிக்கவே தெரியா. அண்டைக்கு வயல் காவல் வாடிக்கு இவருக்குச் சோறு கொண்டுபோன எனக்கு வயசு பதினேழு. இருட்டில காட்டெருமை எண்டு நினைச்சி வெடி வெச்சது நான்.