ஆறரை அடி அடுப்பு

நெருப்புக்கு ஞாபகம் கிடையாது. எதை எரித்தோம், யாருக்காக எரித்தோம் என்று அது மனதில் வைத்துக்கொள்வதில்லை. தொட்டதையெல்லாம் தூய்மையாக்கிவிட்டு, பிறந்த குழந்தைபோல மறுபடி நம் முன்னால் நிற்கிறது. மனித நாகரிகம் முழுவதும் இந்த ஓர் உண்மையின் மீதுதான் எழுந்து நிற்கிறது.

இதை நான் சொன்னது திருமுடிவாக்கத்தில், என் பட்டறை வாசலில், ஷெர்வின் என்ற இளைஞனின் தலையில் ஓர் அடுப்பைக் கட்டுவதற்காக. அவன் அதை போனில் குறித்துக்கொண்டான். இப்போது அவனுடைய இத்தாலிய உணவகத்தின் மெனு கார்டில், நாப்போலியைச் சேர்ந்த ஒரு சமையல் மேதை சொன்னதாக முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது.

பேரூராட்சியின் செயல் அலுவலர் என்ற முறையில் நீங்கள் என்னிடம் எழுத்துமூலமாக விளக்கம் கேட்டிருக்கிறீர்கள், சார். சிம்னியை உயர்த்தித் தருவதற்காக ஒன்றரை வருடத்துக்கு முன் என் பட்டறைக்கு அனுப்பிய 'அலகு' ஏன் இன்னும் திரும்பி வரவில்லை என்று. மூன்று முறை, பெயின்ட் காயவில்லை என்று பதில் எழுதினேன். ஒன்றரை வருடம் காயாத பெயின்ட் உலகத்தில் இல்லை என்பது எனக்கும் தெரியும். இதைப் படித்துவிட்டு என்னைப் போலீஸில் ஒப்படைப்பதா, ஷெர்வினின் கடைக்குப் பூட்டுப் போடுவதா என்று முடிவெடுக்கப் போகிறவர் நீங்கள். ஆகவே நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

உங்கள் அலுவலகத்தின் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நான் செய்து கொடுத்த சிம்னி பத்தடி குட்டையாகிவிட்டது, என் தவறுதான். புகை நேராகக் கவுன்சிலர் வீட்டு மொட்டை மாடிக்குப் போய், அங்கே காய்ந்துகொண்டிருந்த வடகத்தை உள்ளே எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. ஆனால் சிம்னியை உயர்த்த சிம்னியை மட்டும் அனுப்பியிருந்தால் போதும். கோப்பில் 'அலகு' என்று எழுதியிருந்ததால் முழு அலகையும் கிரேன் வைத்துப் பெயர்த்து அனுப்பினீர்கள். அரசாங்கக் கடிதத்தை மதிப்பவன் நான். இறக்கி வைத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் அது பட்டறை மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நான்கு மாதமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்த வெல்டரும் அந்தப் பக்கம் போகவில்லை. பதினைந்து வருடமாக என்னிடம் இருக்கும் காஜா ஒருநாள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணாத்த, ஒண்ணு சொன்னா கோச்சிக்காத. அத்த இன்னும் எத்தினி நாளிக்கு இங்கியே வெச்சினு இருக்கப்போற? பசங்க பேஜாராவுறானுங்க. நேத்து ஒருத்தன் தெரியாம அதும்மேல டிபன் பாக்ஸ வெச்சிட்டான். அப்பால டிபனே துன்னல."

"உனக்கும் பயமாடா?"

"எனக்கு இன்னா பயம்? எங்காளுங்களுக்கும் அதுக்கும் சம்மந்தமே கெடையாது. அவனுங்களுக்காவ சொல்றேன்."

சொல்லிவிட்டு, அதற்கும் தனக்கும் நடுவில் ஒரு தகரத்தை நிறுத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான்.

அந்த வாரம்தான் ஷெர்வின் வந்தான். நல்ல பையன். சிறுசேரியில் எட்டு வருடம் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு, ஒன்பது நாள் டூரில் இத்தாலியைப் பார்த்து, அத்தோடு மாறிப்போனவன். செம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த கட்டடம் ஒன்றைப் பிடித்து 'வில்லா வெசூவியோ' என்று பெயர் வைத்திருந்தான். பூசாத செங்கல் சுவர், தலையில் இடிக்கும் விளக்கு, ஒரே மாதிரி இல்லாத நாற்காலிகள். வேலை ஏன் பாதியில் நிற்கிறது என்று அவனுடைய அப்பாவே கேட்டாராம். நாப்போலியிலிருந்து கப்பலில் கிளம்பிய அடுப்பு வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது, போதகர் ஜெபத்துக்கு நாள் கொடுத்துவிட்டார். வருகிற அடுப்புக்கு ஒரு புகைபோக்கி செய்து வைக்கத்தான் என்னிடம் வந்தான். தார்ப்பாயின் ஓரம் காற்றில் தூக்கியதைப் பார்த்துவிட்டான்.

"இது என்னண்ணா?"

"அடுப்பு."

"இதுல பீட்சா சுட முடியுமா?"

"எதையும் சுடலாம். எண்ணூறு டிகிரி தாங்கும்."

"பீட்சாவுக்கு நானூத்தம்பது போதும்ணா."

"அப்போ கொறைச்சு வெச்சுக்க."

தார்ப்பாயை முழுவதும் விலக்கினான். உள்ளே ஆறரை அடி நீளம், இரண்டரை அடி அகலம். சுற்றிலும் கெட்டியான ஃபயர் பிரிக். தண்டவாளத்தில் ஓடும் டிராலி. பச்சைப் பட்டனை அமுக்கினால் மோட்டார் முனகிக்கொண்டு கதவை மேலே தூக்கும். பின்பக்கம், உள்ளே எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்று பார்க்க ஒரு சின்ன ஓட்டை.

"டிராலி எல்லாம் வெச்சிருக்கீங்களேண்ணா. இத்தாலிலகூட நான் இப்படிப் பார்க்கல. ஏன் இவ்ளோ நீளம்?"

"குடும்பமா வர்றவங்களுக்கு."

அதில் பொய் இல்லை. குடும்பமாகத்தான் வருவார்கள்.

"புதுசாண்ணா?"

"புதுசு மாதிரிதான். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தது."

அதிலும் பொய் இல்லை, உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிய பத்தாவது நிமிடம், ஊரில் முதல் நாள் காலமான கனகவல்லி அம்மாள், வயது எண்பத்து நான்கு, முதல் ஆளாக வந்து சேர்ந்தார். 'நவீன எரிவாயு தகன மேடை' என்ற போர்டு பின்னால் தெரிய எடுத்த போட்டோவில் நீங்களும் நிற்கிறீர்கள். மூத்த மகன் பச்சைப் பட்டனை அமுக்கினார். ஒன்றரை மணி நேரத்தில் காரியம் முடிந்தது. புகையைத் தவிர யாரும் ஒரு குறை சொல்லவில்லை. நல்ல அடுப்பு, சார்.

ஷெர்வினுக்கு இது எதுவும் தெரியாது, இன்று வரைக்கும். சும்மா கொடுத்தால் சந்தேகம் வரும் என்பதால் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன். கேஸ் பர்னரைக் கழற்றிவிட்டு சவுக்குக் கட்டை எரிக்க வசதி செய்தேன். உள்பக்கச் செங்கலைக் கம்பி பிரஷ்ஷால் நானே இரண்டு முறை தேய்த்தேன். சாப்பாட்டு விஷயத்தில் சுத்தம் முக்கியம்.

கடைத் திறப்பு விழா நன்றாக நடந்தது. நாப்போலியில் நான்கு தலைமுறையாக எரிந்த அடுப்பு என்று சுவரில் எழுதி வைத்திருந்தான். நீளத்தை வீணாக்காமல் ஆறரை அடிக்கு ஒரே பீட்சா போட்டு, அதற்கு இத்தாலிய மொழியில் நெட்டையன் என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு பெயரும் வைத்தான். நான்கு பேர் சேர்ந்துதான் அதைப் பலகையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரும் வழியில் இருக்கிறவர்கள் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். படம் எடுக்கத்தான். ராஜகீழ்ப்பாக்கம் அடுக்குமாடி ஒன்றின் சங்கத் தலைவர், அதுவரை பீட்சாவைத் தக்காளி ஊத்தப்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு துண்டைக் கடித்துக் கண்ணை மூடி, "இந்த கிரஸ்ட்ல ஒரு ஆன்மா இருக்கு" என்றார். நான் மறுக்கவில்லை.

ஷெர்வின் மைக்கைப் பிடித்து, நாப்போலி அடுப்பை நிறுவிய மாஸ்டர் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான் கூப்பிட்டான். முன்வரிசையில் ஓர் அம்மா, "சார் இத்தாலில ட்ரெய்னிங் எடுத்தவரா?" என்று கேட்டார். இரண்டு முறை, மொத்தம் ஐந்து மாதம் நாப்போலியில் இருந்ததாகச் சொன்னேன். கை தட்டினார்கள். என் மனைவி வேதா தண்ணீர் கேட்டாள்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியோரத்து மேஜை எங்களுக்கு. வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சமையலறையிலிருந்து ஒரு துண்டைக் கொண்டுவந்து அபிப்பிராயம் கேட்பார்கள். நான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஈரம் ஒரு பொட்டு அதிகம்" என்பேன். மறுநாள் குறைத்துவிடுவார்கள்.

முகிலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரப்பாக்கத்தில் வங்கி மேலாளர். ஓய்வு நேரத்தில் ஹோட்டல் ஹோட்டலாகப் போய் வீடியோ போடுகிறவர். வில்லா வெசூவியோவைப் பற்றி அவர் போட்டதை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். "இந்தப் புகை வாசனை இருக்கே, எனக்கு ரொம்ப வேண்டியவங்க யாரோ பக்கத்துல வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்று அதில் உருகியிருந்தார். மகளின் பிறந்தநாளுக்கு நெட்டையனை ஆர்டர் செய்தார். மரியாதைக்காகப் பட்டனை அமுக்க அவரையே கூப்பிட்டான் ஷெர்வின். முதல் தடவை அமுக்கினார், வேலை செய்யவில்லை. இரண்டாவது தடவை கதவு முனகிக்கொண்டு மேலே ஏறியது. டிராலி உள்ளே போனது. அவர் போனைக் கீழே இறக்கினார்.

நேராக என் மேஜைக்கு வந்தார்.

"மாஸ்டர், இந்த மோட்டார் சத்தத்த நான் எங்கயோ கேட்டிருக்கேன்."

"மோட்டார்லாம் ஒரே மாதிரிதான் கத்தும் சார்."

"அன்னிக்கும் ரெண்டு தடவை அமுக்க வேண்டியிருந்தது."

அப்போதுதான் ஆளை அடையாளம் கண்டேன். அன்று மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக நின்றவர், இன்று தாடியும் தொப்பியுமாக இருந்தார். பட்டனுக்குள் ஸ்பிரிங் தளர்ந்திருப்பது என் தவறு. மாற்றியிருக்க வேண்டும்.

"எங்கம்மா தவிர இன்னும் எத்தன பேர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவங்க மட்டும்தான் சார். முன்னாடியும் யாரும் இல்ல, பின்னாடியும் இல்ல."

அவர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"அவங்களுக்கு சீஸ் வாசனையே ஆகாது மாஸ்டர்."

"அப்பா, ஆறிப்போகுது, வாங்க" என்று மகள் கூப்பிட்டாள்.

"அந்த வீடியோவ நாப்பதாயிரம் பேர் பார்த்துட்டாங்க" என்றார் அவர். "நான் யாரோட புள்ளன்னு மட்டும் வெளிய தெரிய வேணாம்."

போய் உட்கார்ந்து மூன்று துண்டு சாப்பிட்டார். போட்ட வீடியோவை நீக்கவில்லை.

சென்ற மாதம் நீங்களும் குடும்பத்தோடு வந்து, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். உங்களுக்கு அடையாளம் தெரியாததில் குற்றம் இல்லை. தகன மேடைத் திறப்பு விழாவிலும் நீங்கள் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். போன வாரம் உங்கள் ஆள் அலகைத் தேடிப் பட்டறைக்கு வந்தபோது காஜாதான் வழி சொன்னானாம்: "செம்பாக்கம் போ சார். ஞாயித்துக்கெழமன்னா டோக்கன் வாங்கணும்." அவனை நான் கோபித்துக்கொள்ளவில்லை.

இனி நீங்கள் கேட்டிருக்கும் கடைசிக் கேள்வி. திருப்பிக் கொடுக்க ஒரு வாய்ப்புக்கூடவா கிடைக்கவில்லை என்று. கிடைத்தது. கடை திறந்த இரண்டாவது மாதம் நிஜமான நாப்போலி அடுப்பு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. ஷெர்வின் ஓடி வந்தான்.

"அண்ணா, மாத்திடலாமா? மாட்டித் தர்றதுக்கு கம்பெனிலேர்ந்து ஒரு இத்தாலிக்காரர் வியாழக்கிழமை வர்றாரு. நீங்க ரெண்டு பேரும் நாப்போலி பத்திப் பேசறத நான் வீடியோ எடுக்கணும்."

அன்று நான் சரி என்று சொல்லியிருந்தால், வெள்ளிக்கிழமையே உங்கள் அலகு உங்கள் மயானத்தில் இருந்திருக்கும். ஒரு மாத பீட்சாவோடு விஷயம் முடிந்திருக்கும். முகிலன் மகளின் பிறந்தநாளை நிம்மதியாகக் கொண்டாடியிருப்பார். நான் வேண்டாம் என்றேன். அந்த மாடலை நாப்போலியில் இப்போது யாரும் சீந்துவதில்லை என்றேன். ஷெர்வின் இத்தாலிக்காரரின் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, வந்த அடுப்பை என் பட்டறைக்கு அனுப்பிவிட்டான். அதே மூலையில் இருக்கிறது. பையன்கள் அதன் மேல் டிபன் பாக்ஸ் வைக்கிறார்கள்.

உங்களுக்கு அவசரம் என்றால் அதை அனுப்பி வைக்கிறேன். வட்டமான அடுப்பு, உள்ளே நாலடி. தண்டவாளம் வைத்துக் கொடுக்கிறேன். நீளம் கொஞ்சம் போதாது, பேசி ஒரு வழி செய்துகொள்ளலாம்.

ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்கு, வாடிக்கையாளர்கள் அந்த ருசிக்குப் பழகிவிட்டார்கள், நான்கு பேர் சந்தோஷத்தைக் கெடுக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் விளக்கம் முழுமையாக இருக்க வேண்டும் என்று உங்கள் கடிதத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். அந்த இத்தாலிக்காரர் வந்து உட்கார்ந்ததும், நாப்போலியில் எந்தத் தெருவில் இருந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

எனக்கு பாஸ்போர்ட் கிடையாது, சார்.