ஐஸுக்கு அடியில இருபத்திமூணு பேர்

...காபியா? காபிக்கு எங்க போறது தம்பி! அந்தக் கோடியில பாரு, கேன்டீன் ஷட்டர். நவம்பர் ஒம்பதாம் தேதி இறங்கினது. இன்னிக்கு ஜனவரி பதினெட்டு. உள்ள வா, உள்ள வா, கால்ல சறுக்குக் கத்தியைக் கட்டிக்கிட்டு வாசல்ல நிக்காத. பெஞ்சுல உக்காரு. தப்பு பண்ணின ஆட்டக்காரனை உக்கார வைக்கற கூண்டு இது, கதவை நான் சாத்தணும். அதுக்குத்தான் என்னை இங்க வச்சிருக்காங்க.

பத்து நிமிஷம், இல்ல? ரெஃப்ரி ரெண்டு கையையும் இடுப்புல வச்சாரே, பார்த்தேன். அந்தச் சைகைன்னா பத்து நிமிஷம், வாய்த்துடுக்குக்கு. என்ன சொன்னேன்னு கேக்கமாட்டேன். பல்லுக்கவசத்தைக் கழட்டாத, கீழ விழுந்தா இந்தத் தரையிலருந்து நாய் கூட எடுக்காது. நீ சொன்னது எனக்கே கேட்டுச்சு. "அந்தக் கண்ணை எந்தக் கடையில வாங்கினீங்க, திருப்பிக் குடுத்துடுங்க"ன்னே. நல்லாத்தான் இருந்துச்சு! ஆனா ஒரே வாக்கியம். அதுக்குப் பத்து நிமிஷம். அந்த வீதத்துல பார்த்தா எனக்கு என்ன குடுக்கணும்? குடுத்திருக்காங்க. ஏப்ரல் வரைக்கும்.

முதுகுல குல்ப்ரான்சன்னு போட்டிருக்கு. நோர்டால்காரன். நோர்டால்ல குல்ப்ரான்சன் வீடு மூணு. உன் காதைப் பார்த்தா ரயில்பாதைக்குத் தெக்க இருக்கற வீடு. தலையாட்டறியா? பார்த்தியா! மெர்வின் டோலினுக்னா சும்மாவா? முப்பத்தொரு வருஷம் இந்த ஊர் தானியக் கிடங்குல கோதுமை தரம் பிரிச்சவன். உள்ளங்கையில நாலு மணியைப் போட்டா எந்த வயல்னு சொல்லுவேன். சாம்பிளைக் கையில எடுத்து, திருப்பிப் பார்க்காம சீட்டு எழுதினதே கிடையாது. அந்தக் குணம்தான் என்னைக் கெடுத்தது. இல்ல... அந்தக் குணம் ஒரே ஒரு நாள் இல்லாம போனதுதான் கெடுத்தது. அது அப்புறம்.

காபி. ஆமா. உங்க ஊர் ஆளுங்க இருபது மைல் பனியில வண்டி ஓட்டிக்கிட்டு வர்றது ஐஸ் ஹாக்கி ஆடவா? அந்த உருளைக்கிழங்கு வறுவலுக்கும் அதுமேல ஊத்தற குழம்புக்கும்! எங்க வீட்டுக்காரி வெர்னா இருபத்தெட்டு வருஷமா அந்த ஜன்னல்ல நின்னு போட்டுக் குடுத்தா. இப்ப போடறதில்ல. சரி, போடலன்னா வீட்டுல இருக்கலாமே? வருவா! ஒரு ஆட்டம் விடமாட்டா. அதோ, கோலுக்குப் பின்னால, கம்பிவலைக்கு அந்தப் பக்கம், சிவப்புத் தொப்பி. மூடின ஷட்டருக்கு முன்னாடி ஸ்டூலைப் போட்டுக்கிட்டு ஸ்வெட்டர் பின்னறா. ஊர்ல ஒவ்வொருத்தரா போய், "வெர்னா, ஒரே ஒரு காபி..."ம்பாங்க. பின்னல் ஊசியை நீட்டி என்னைக் காட்டுவா. அவ்வளவுதான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பாங்க.

அது என்ன, மட்டையால எதைக் காட்டறே? கடிகாரமா? ஆமா, பழசுதான். எண்பத்தொண்ணுல கூட்டுறவுப் பால்பண்ணை குடுத்தது. அதுல ஏழு மட்டும் எரியாது. பதினேழு நிமிஷம்னா வெறும் ஒண்ணு தெரியும். வெளியூர்க்காரன் அலறுவான். இதெல்லாம் என் புத்தகத்துல இருக்கு, அறுபத்திரெண்டாவது அடிக்குறிப்பு.

ஆமா, புத்தகம். இந்த அரங்கத்துக்குப் போன வருஷம் அறுபது வயசு. சரித்திரம் எழுதுடான்னாங்க. ஒரு துண்டுப் பிரசுரம்தான் கேட்டாங்க. நான் நாப்பத்தாறு பக்கம் எழுதினேன். ஊர்ல முழுசாப் படிச்சவங்க ரெண்டு பேர், அதுல ஒருத்தன் அச்சடிச்சவன். ஆனா எதை விட்டேன் சொல்லு! ஐஸ் இருக்கற ஆறு மாசம் ஹாக்கி, பொண்ணுங்க சறுக்கு நடனம். ஐஸ் உருகினா வெறும் சிமெண்ட் தரை, அதுல என்ன நடக்காது? ஓட்டுச்சாவடி. பூசணிக்காய்ப் போட்டி. சாவுச் சாப்பாடு. என் கல்யாண விருந்து கூட இங்கதான். அதுக்கு முந்தின வாரம் மாட்டுச் சந்தை. கல்யாண போட்டோல பூரா ஜனமும் மூக்கைச் சுளிச்சுக்கிட்டு இருக்கும். எங்க மாமியார் மட்டும் சிரிச்சுக்கிட்டு. எண்பத்தாறுல பனிப்புயல் அடிச்சு நெடுஞ்சாலையை மூடினப்ப, ரெண்டு பஸ் ஜனம் மூணு நாள் உடை மாத்தற ரூம்ல படுத்திருந்தாங்க. அதுல ஒருத்தர் பியானோ ரிப்பேர்காரர். சும்மா இருக்க முடியாம, நடனத்துக்கு வச்சிருந்த பியானோவைச் சரிபண்ணிட்டுப் போனார். பேர் கூடக் கண்டுபிடிச்சேன்! பஸ் கம்பெனிக்கு நாலு கடிதாசி.

பாரு, யாரோ வழியில போன பியானோக்காரனுக்கு நாலு கடிதாசி போட்டவன்... மாமியாருக்கு...

சரி, சொல்லிடறேன். எங்க மாமியார் பேர் பரஸ்கா. அறுபத்திநாலுல அரங்கத்தைக் கட்டி முடிச்சாங்க. ஐஸ் மெஷின் எல்லாம் அப்ப ஏது? டிசம்பர்ல ஜன்னலைத் திறந்து விடு, குளிர் உள்ள வரும், தண்ணியைக் கொட்டு, உறையும். அந்த நேரம் பார்த்து ஊர்க் கிணத்துப் பம்ப் உறைஞ்சு வெடிச்சுப் போச்சு. கட்டடம் இருக்கு, குளிர் இருக்கு, தண்ணி இல்ல. எங்க மாமியார் சொல்றது என்னன்னா, அவங்க டிராக்டர் பின்னால சறுக்குப் பலகையைக் கட்டி, அதுல இரும்புப் பீப்பாயை ஏத்தி, பண்ணைக் குட்டையில ஐஸை உடைச்சுத் தண்ணி மொண்டு, ஆறு நாள் இங்க நடை அடிச்சாங்களாம். வயித்துல ஆறு மாசம். உள்ள இருந்தது வெர்னா.

இந்தக் கதையை நாப்பது வருஷமா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்டிருக்கேன். அரங்கக் கமிட்டியோட கூட்டக் குறிப்புல அப்படி ஒரு வரி கிடையாது! "தண்ணீர் ஏற்பாடு செய்யப்பட்டது." அவ்வளவுதான் எழுதியிருக்கு. யாரு ஏற்பாடு பண்ணினாங்க? தெரியாது.

இப்ப, அக்டோபர்ல ஐஸ் எப்படிப் போடறோம்னு உனக்குத் தெரியும். தாள் மாதிரி ஒரு பூச்சு, அது உறையணும், இன்னொண்ணு. அப்புறம் வெள்ளைச் சாயம். அதுமேல கோடு, எழுத்து. அதுக்கும் மேல தண்ணி. எழுதினது எல்லாம் அடியில போய் உக்காந்துடும். அறுபதாவது வருஷம்னு நடு வட்டத்துல கட்டினவங்க பேரை எழுதச் சொன்னாங்க. இருபத்திமூணு பேர். நீ இன்னிக்கு அவங்க மேலதான் ரெண்டு தடவை விழுந்தே.

வெர்னா வந்து நின்னா. "அம்மா பேரு எங்க?"ன்னா. கையில தூரிகையோட மண்டியிட்டுக்கிட்டு இருக்கேன், நான் என்ன சொல்லியிருக்கணும்? "இதோ எழுதறேன்"னு சொல்லியிருக்கணும். "ஆதாரம் இருக்கா?"ன்னு கேட்டேன். அவ, "நானே அந்த வண்டியில இருந்தேன்"னா. நான் சொன்னேன்... தம்பி, நீ கல்யாணம் ஆனவனா? ஆகலையா? அப்ப கேட்டுக்கோ. நான் சொன்னேன், "நீ வயித்துக்குள்ள இருந்தே. அது சாட்சிக் கணக்குல சேராது."

...சிரிக்காத. கவசம் வெளிய வருது.

நவம்பர் ஒம்பது, திறப்பு ஆட்டம். மாமியாரை முதியோர் இல்லத்துலருந்து கூட்டிக்கிட்டு வந்தாங்க. எண்பத்திமூணு வயசு. சக்கர நாற்காலியை நடு வட்டம் வரைக்கும் தள்ளினாங்க. குனிஞ்சு, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, இருபத்திமூணு பேரையும் படிச்சாங்க. வட்டமா எழுதியிருக்கேன் இல்ல, நாற்காலியை ஒரு சுத்து சுத்தச் சொல்லிப் படிச்சாங்க. அப்புறம் நிமிர்ந்து என்கிட்ட, "ஐஸ் நல்லா வந்திருக்கு மெர்வின்"னாங்க. பத்து நிமிஷத்துல ஷட்டர் இறங்கிடுச்சு.

கமிட்டி கூடிச்சு. கேன்டீன் திறக்கற வரைக்கும் கூண்டுக் கதவு டோலினுக் பொறுப்புன்னு தீர்மானம். ஏழு பேரும் ஆதரவு. அந்த ஏழுல நானும் ஒருத்தன். கூட்டக் குறிப்பையும் நான்தான் எழுதினேன். "எழுதினது அடியில போயிடுச்சு, ஏப்ரல்ல ஐஸ் உருகினாத்தான் கை வைக்க முடியும்"னு சொல்லிட்டேன். எல்லாரும் நம்பிட்டாங்க. ஏப்ரல் எனக்கும் தூரம். மாமியாருக்கு இன்னும் தூரம். கிறிஸ்துமஸ்லருந்து படுக்கையிலதான் இருக்காங்க.

மறுபடி கடிகாரமா? அதான் சொன்னேனே, ஏழு எரியாதுன்னு.

உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். வெளியூர்க்காரன், வாயை மூடி வச்சிருக்கே, அதனால சொல்றேன். அந்தப் பேரையெல்லாம் எழுதறதுக்கு, எழுத்தை வெட்டி ஓட்டை வழியா சாயம் பூசற அட்டை இருக்கு இல்ல? நல்ல கெட்டி அட்டை தேடினேன். கமிட்டி ரூம் பெட்டிக்கு அடியில ஒண்ணு கிடந்தது. பழுப்பா, தூசியா, ஒரு பக்கம் வெறுமனே. எடுத்தேன், வெட்டினேன், எழுதினேன். வேலை முடிஞ்சு டிசம்பர்ல சாயத்தைத் துடைச்சு எடுத்து வைக்கறப்பதான் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் பென்சில் எழுத்து. பம்ப் வீட்டுல தொங்கவிட்டிருந்த அட்டை. தண்ணி வண்டிக் கணக்கு. ஓட்டினவங்க நாலு பேர். மூணு ஆம்பளைங்க பேர்ல நான் வெட்டின ஓட்டை. நாலாவது பேர் முழுசா இருக்கு. பரஸ்கா. பக்கத்துல கோடு கோடாப் போட்டு, நாப்பத்தொரு நடை. மத்த மூணு பேரையும் சேர்த்தா இருபது வராது.

திருப்பிப் பார்க்கல தம்பி. முப்பத்தொரு வருஷம் ஒவ்வொரு மணியையும் திருப்பிப் பார்த்தவன், அட்டையைத் திருப்பல. ஆதாரம் எங்கன்னு அவகிட்ட கேக்கறப்ப ஆதாரத்துமேல மண்டி போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்! இதை எந்த மூஞ்சியோட சொல்றது? கார் டிக்கியில, மாத்து டயருக்கு அடியில வச்சிருக்கேன். ஆறு வாரமா.

ஏப்ரலும் பொய்தான். ஐஸ் வண்டியை விட்டு மேல கொஞ்சம் சுரண்டி, பேரை எழுதி, தண்ணி தெளிச்சா ஒரு மத்தியான வேலை. ஐஸ்ல விளம்பரம் போட்ட உரக் கம்பெனி பேர் மாத்தினப்ப செஞ்சிருக்கோமே! ஆனா எழுதணும்னா ஏன்னு சொல்லணும். சொல்றதுக்குப் பதிலா ஏப்ரல் வரைக்கும் கதவு திறக்கறது சுலபமா இருந்துச்சு.

ஏன் இப்படிக் கூண்டுக் கண்ணாடியை இடிக்கறே? கடிகாரத்துக்கு என்ன... ஐயோ. ஐயையோ. உன் பத்து நிமிஷத்துக்கு நான் கடிகாரப் பட்டனே அமுக்கல! எவ்வளவு நேரமா உக்காந்திருக்கே? ரெஃப்ரி! ரெஃப்ரி, இந்தப் பையன் முடிச்சுட்டான், நான்தான்... சரிங்க, சரிங்க, தெரியுது. விசில் அடிச்சாச்சு. போ தம்பி, கதவு திறந்திருக்கு. மன்னிச்சுக்கோ. உன் நேரத்துல பாதி...

இந்தப் பக்கம்! உங்க பெஞ்சு இந்தப் பக்கம்! எங்க போறே? அங்க கோல்தான் இருக்கு. டேய் குல்ப்ரான்சன்! கேன்டீன் மூடியிருக்குன்னு எத்தனை தடவை...

ஐயோ. பல்லுக்கவசத்தைக் கழட்டறான்.

பேசறான். கம்பிவலையில மூஞ்சியை வச்சுக்கிட்டு அவகிட்ட பேசறான். நடு வட்டத்தைக் காட்டறான். இப்ப கையால சுரண்டற மாதிரி... இப்ப அட்டை அளவு காட்டறான். அடப்பாவி, டயரையுமா சொல்லணும்!

பின்னலைக் கீழ வச்சுட்டா. எழுந்து நிக்கறா. இங்க பார்க்கறா. ஊசி எதுவும் நீட்டல. சும்மா பார்க்கறா... பார்த்துக்கிட்டே இருக்கா.

இருங்க. கையைத் தூக்கறா. ரெண்டு கையும். ரெண்டு கையையும் இடுப்புல வைக்கறா.

ரெஃப்ரி, பார்த்தீங்களா? நீங்களே சொல்லுங்க, அது என்ன சைகை? பத்து நிமிஷம்தானே? ஏப்ரல் இல்லையே? பத்து நிமிஷம்தானே!

நகருங்கப்பா, நான் கூண்டுக்குள்ள போறேன். கதவை நானே சாத்திக்கறேன். இந்தாங்க கார் சாவி, டயரைத் தூக்கினா இருக்கும். அட்டையை அவ கையில குடுங்க, ஓட்டையைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்க. நான் வெளிய வர்றப்ப ஐஸ் வண்டி தயாரா இருக்கட்டும்.

யாராவது அந்தப் பட்டனை அமுக்குங்க... அமுக்கிட்டீங்களா? மேல பாருங்க, ஓடுதா?