ரெண்டாம் வளைவு ஹாரன்

— நான் என்ன பண்ண ஜுல்பிகர்? கிரஷரைப் பள்ளத்துக்குள்ளயே எறக்கியாச்சு. கல்லு அங்கனயே ஒடைஞ்சு, பெல்ட்ல ஏறி, நேரா கொட்டாம்பட்டி ரோட்டுக்கு வந்துரும். நாளையிலருந்து நம்ம குவாரில டிப்பர் லாரியே கெடையாது, கேட்டியா.

— என் வேலை போனாப் போகுது, தனிஸ்லாஸ் அண்ணே. நீங்க சூப்பர்வைசரு, மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரே ஒரு டிப்பர், தினம் ஒரு நடை. ரெண்டாம் வளைவு வரைக்கும் ஏறுனாப் போதும்.

— ஏறி ஹாரன் அடிக்கிறதுக்கா?

— பெல்ட்டுக்கு ஹாரன் இல்லையேண்ணே. தெரசாம்மா என்ன பண்ணும்? ஆன்றோ கல்யாணப் பேச்சுல பெத்த அம்மாகூடச் சண்டை போட்டுட்டு நம்ம குவாரி ஷெட்டுல வந்து தங்குனான். வீட்டு வாசலையே மிதிக்கல. ஆனா வீட்டுப் பக்கத்து வளைவுல டிப்பர் ஏறும்போது ரெண்டு சின்னது, ஒரு நீளம், அடிக்காமப் போனதில்ல. அதைக் கேட்டாத்தான் அந்தம்மா சோறு திங்கும்.

— மழையில வண்டி கவுந்து அவன் செத்தப்ப, தெரசாக்கா பெரியாஸ்பத்திரில நெனவில்லாமக் கெடந்துச்சு. சொன்னாத் தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரு, மறைச்சோம். அது வீட்டுக்கு வந்ததும் நீ அவன் ஹாரனை அடிக்க ஆரம்பிச்ச. எம்புட்டு நாளைக்கு மாப்ள?

— அது மூச்சு இருக்கிற வரைக்கும்னு நெனச்சிருந்தேன்.

— அக்கா வீடு வந்துருச்சு. நான் உண்மையச் சொல்லிர்றேன், நீ பேசாம இரு. தெரசாக்கா, முழிச்சிருக்கியா?

— வாப்பா தனிஸ்லாஸ். எந்திரிக்கத்தான் முடியல. கூட யாரு, ஜுல்பியா? உக்காரு ராசா.

— அக்கா, நாளையிலருந்து குவாரில டிப்பர் ஓடாது, பெல்ட் போட்டாச்சு. அப்புறம் ஆன்றோ வந்து...

— ஆன்றோவுக்குக் கிருஷ்ணகிரி பக்கம் வேலை கெடச்சிருச்சும்மா. அதான் இனிமே ஹாரன் கேக்காது. அதைச் சொல்லத்தான் வந்தோம்.

— நல்லா இருக்கட்டும். ஜுல்பி, ஏசுசாமி சிலுவையில செத்த பெரிய வெள்ளிக்கிழமை எங்க கோயில்ல மணிகூட அடிக்க மாட்டாங்க. ஒனக்குத் தெரியுமா ராசா?

— தெரியாதும்மா. ஏன் கேக்குறீங்க?

— அன்னைக்கு ஆன்றோ வண்டியத் தொட மாட்டான். என் மேல எம்புட்டு கோவம் இருந்தாலும் தொட மாட்டான். இந்தப் பெரிய வெள்ளிக்கு ரெண்டு சின்னது, ஒரு நீளம், வழக்கம்போலக் கேட்டுச்சு.

— யா அல்லா. அம்மா...

— கேட்டதும் அடிக்கிறது என் பிள்ளை இல்ல, அவன் உசுரோடயே இல்லனு தெரிஞ்சு போச்சு. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்து அழுது தீத்தேன்.

— இம்புட்டு நாளா தெரிஞ்சும் ஏக்கா எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல?

— கேட்டா மறுநாள் இவன் ஹாரன் அடிக்க மாட்டானே தனிஸ்லாஸ். பெத்த பிள்ளை போயிட்டான். தினம் எனக்காக அந்த மேட்டுல ஏறி வாரானே ஒரு பிள்ளை, அவனையாவது வச்சுக்கிருவோம்னு வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்.