இடது இறக்கையில் ஓர் ஈ

— நான் செஞ்சு பொருத்தின ஒரு ஈ, நூறு போர் விமானத்தை வானத்துல தாங்கிப் பிடிச்சுது ரெகுலாம்மா. எழுதிக்கோ. பெரிய எழுத்துல எழுது.

— ஒரு நிமிஷம் மெல்க் ஐயா. நீங்க பொருத்தினது ஒரு அலுமினியத் தகடு. இதோ, நம்ம தலைக்கு மேல, இந்த விமானத்தோட இடது இறக்கைக்கு அடியில. என் உள்ளங்கை அகலம், ஆறு கால், ரெண்டு ரெக்கை. இது எதுக்குன்னுதான் மியூசியத்துல கேக்கறோம்.

— ஈ எதுக்கு இருக்கும்? பறக்கத்தான்!

— ரெகுலா, இவன் சொல்றதை எழுதித் தொலைக்காதம்மா. ஃபேக்டரியில இவன் ரிவெட் அடிச்சதை விடக் கதை அளந்ததுதான் ஜாஸ்தி.

— வந்துட்டாருய்யா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் காஸ்பர்! முத்திரை குத்தாம மூக்குகூடச் சிந்த மாட்டான். உன்னை யாருய்யா கூப்பிட்டது?

— நான்தான் கூப்பிட்டேன் ஐயா. அந்த ஃபேக்டரியில வேலை பாத்தவங்கள்ல இப்ப மிச்சம் இருக்கறது நீங்க ரெண்டு பேர்தான். விஷயத்தைச் சொல்லிடறேன். இந்த விமானத்தோட மூல டிராயிங்கோட நகலை இங்கிலீஷ்காரங்ககிட்ட கேட்டு வாங்கினோம். அதுல இந்தத் தகடு இல்ல. நம்ம ஃபேக்டரிக்கு அந்தக் காலத்துல வந்த டிராயிங்கையெல்லாம் எப்பவோ கிழிச்சுக் கூழாக்கிட்டாங்க. அதனால திங்கக்கிழமை தகட்டைப் பெயர்த்துட்டு, பக்கத்துல ஒரு பலகை வெக்கறதா முடிவாயிருக்கு.

— பலகையில என்ன போடுவீங்க?

— 'தொழிலாளியின் பிழை'ன்னு. தகட்டு ஓரத்துல குத்தியிருக்கற தொழிலாளி நம்பர் உங்களோடது ஐயா. பேரும் வரும்.

— பிழையா? நூறு விமானம், நூறு ஈ, ஆயிரத்து இருநூறு ரிவெட்டு. ஒண்ணு கோணலா இருக்கா, காட்டு பாப்போம்! நம்ம பள்ளத்தாக்குல இருக்கற மொத்தப் பள்ளிக்கூடமும் இங்க வருது. என் பேத்தி வந்து நின்னு, தாத்தா பேருக்குப் பக்கத்துல பிழைன்னு படிக்கணுமா?

— அப்ப நடந்ததைச் சொல்லுங்க ஐயா. ஊதாம சொல்லுங்க.

— ஊதறதா, நானா? கேளு. இங்கிலீஷ்காரன் விமானத்தை நாமளே சுவிஸ்ல செஞ்சுக்க லைசென்ஸ் வாங்கினோம். ஒப்பந்தத்துல முதல் வரி என்ன தெரியுமா? டிராயிங்ல இருக்கறதை மயிரிழைகூட மாத்தக் கூடாது. என் கைக்கு டிராயிங் நகல் வந்துது. விரிச்சா, இறக்கைக்கு அடியில ஆறு காலைப் பரப்பிக்கிட்டு ஒண்ணு படுத்திருக்கு. பாத்தா ஈ. ஆனா டிராயிங்ல இருக்கே! அங்க எவனோ ஒரு துரை டீ குடிச்சுட்டு நசுக்கியிருக்கான். இங்கிலீஷ் ஈ!

— ஈ எங்கயாவது இவ்ளோ பெருசா இருக்குமா?

— டிராயிங் பத்துல ஒரு பங்கு அளவும்மா. தாள்ல முக்கால் சென்டிமீட்டர்னா விமானத்துல ஏழரை. நாங்க என்ன கணக்குத் தெரியாதவங்களா?

— யாருமே கேள்வி கேக்கலையா?

— சுவிஸ்காரன் கேக்காம இருப்பானா! விசாரணைக் கமிஷன் போட்டாங்க. ஏழு பேர், ஏழு மாசம். 'ஆறு கால் கொண்ட இப்பாகத்தின் பயன் யாது?'ன்னு இங்கிலாந்துக்குக் கடிதம் போச்சு. பதில் ஒரே வரி. 'டிராயிங்கில் இருந்தால் போடவும்.' அவனுக்கே என்னன்னு தெரியல. தெரியலன்னு சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கல!

— அந்தக் கடிதமும் கூழாயிருக்குமே மெல்க்? உன் கதைக்குன்னே வசதியா.

— சிரிடா, சிரி. அதுக்கப்புறம் வந்துது பாரு பங்குத் தகராறு. இந்த நாட்டுல ஒரு வேலை முழுசா ஒரே ஊருக்குப் போனா சும்மா விடுவாங்களா? இடது கால் மூணும் பிரெஞ்சு பேசற பக்கம். வலது கால் மூணும் ஜெர்மன் பேசற நம்ம பக்கம். கண்ணு ரெண்டும் இத்தாலியன் பேசற பள்ளத்தாக்குக்கு. உடனே நாட்டோட நாலாவது மொழி ரோமான்ஷ் பேசறவங்க, எங்களுக்கு ஒண்ணுமில்லையான்னு நாலு ஊரே திரண்டு வந்து நின்னாங்க. அவங்களுக்கு உறிஞ்சற குழாயைக் கொடுத்துச் சமாளிச்சாங்க!

— ஐயோ, போதும் ஐயா. வயிறு வலிக்குது.

— சிரிக்காதம்மா. நாப்பது குடும்பம் அந்த ஈயாலதான் சாப்பிட்டுது.

— சரி, அதனால பறக்கறப்ப ஏதாவது வித்தியாசம்?

— அதைக் கேளு! விமானம் தாழ வந்தா 'ங்ங்ங்'னு ஒரு ரீங்காரம். மலையில மேயற மாடெல்லாம் ஈ வந்துடுச்சுன்னு ஒரே நேரத்துல வாலைச் சுழட்டும். முன்னூறு வால்! அந்தக் காத்துல பாதிரியார் தொப்பி பறந்து ஏரியில விழுந்துது.

— போன வருஷம் சீட்டாடறப்ப இருநூறு வால்னு சொன்னே.

— மாடு கன்னு போடாதாடா?

— ஐயா, கேக்க அருமையா இருக்கு. ஆனா கதையை வெச்சுப் பலகையை மாத்த முடியாது. காஸ்பர் சார், இங்கிலாந்துலேர்ந்து வந்த டிராயிங் பெட்டியைப் பிரிச்சு, ஒவ்வொரு தாளா சரிபாத்து முத்திரை குத்தினது நீங்கதானே?

— நான்தான்.

— அப்ப இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து போதும். 'எங்கள் டிராயிங்கில் அப்படிப்பட்ட பாகம் எதுவும் இல்லை.' தேதியும் போட்டுடுங்க.

— கொடு. கண்ணாடியை எங்க வெச்சேன்?

— உன் நெத்தி மேலதான் இருக்கு. போடுய்யா போடு, அம்பது வருஷமா சிரிச்சவன்தானே நீ. ஆனா ஒண்ணு கேட்டுட்டுப் போடு காஸ்பரு. மாடு முப்பதுதான் இருக்கும். பாதிரியார் தொப்பி பொய். அவருக்குத் தொப்பியே கிடையாது. ஆனா டிராயிங்ல இல்லாம ஒரு ரிவெட்டுகூட நான் அடிச்சதில்ல. அது உனக்குத் தெரியும்.

— பேனா எழுதலையா சார்?

— பேனா நல்லாத்தாம்மா எழுதும்.

— பின்ன?

— முப்பத்தாறு வருஷ சர்வீஸ். பொய்த் தாள் ஒண்ணுலகூட என் கையெழுத்து கிடையாது. இதை எடுத்துட்டுப் போயிடு.

— அப்படின்னா... டிராயிங்ல இருந்துச்சா?

— இருந்துச்சு.

— கேட்டியா! ரெகுலாம்மா, கேட்டியா! இங்கிலீஷ் ஈ!

— கத்தாதடா, மியூசியம். கமிஷன் உக்காந்தது நிஜம். கடிதம் நிஜம். அந்த உறிஞ்சற குழாயும் நிஜம்மா, நூறு குழாயையும் அளந்து பாத்து முத்திரை குத்தினேன். நாப்பது குடும்பம்னு சொன்னானே, அது மட்டும் முப்பத்தெட்டு.

— பின்ன ஏன் சார் இத்தனை வருஷமா இவரைப் புளுகன்னு சொன்னீங்க?

— என்னை யாராவது வந்து கேப்பாங்க, சொல்லிடலாம்னு இருந்தேன். யாரும் கேக்கல. நேரா கமிஷனுக்குப் போயிட்டாங்க. அப்புறம் முப்பத்தெட்டு வீட்டுல அடுப்பு எரிய ஆரம்பிச்சுடுச்சு. எந்த வாயால சொல்றது?

— எதைடா சொல்றது?

— பெட்டியைப் பிரிச்சப்ப டிராயிங் சுத்தமா இருந்துச்சு மெல்க். நகல் எடுக்கறதுக்கு முன்னால, சன்னலைத் திறந்து வெச்சுட்டு மேஜையிலயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்னுட்டிருந்தேன். மாட்டுக் கொட்டாயிலேர்ந்து நேரா வந்து டிராயிங்ல இருந்த இறக்கை மேல உக்காந்துச்சு. அது நம்ம ஊர் ஈடா. அளவுகோலால அடிச்சது நான்தான்.